இரு வம்சங்கள் கூடிய இடம்

1968 அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ கூட்டிய மென்பொருள் மாநாட்டில், டக் மெக்கில்ராய் ஒரு குறையை எடுத்து வைத்தார். பிற தொழில்களில் பாகங்களைப் பட்டியலிலிருந்து தெரிந்தெடுக்கிறார்கள். நிரல் எழுதுவோர் மட்டும் ஒவ்வொன்றையும் புதிதாகக் கடைந்துகொண்டிருக்கிறார்கள். அவர் காட்டிய உதாரணம் சைன் கணக்கீடு.

ஒரு பாகம் முன்பின் அறியாதவருக்கும் பயன்பட வேண்டுமானால், எங்கே பொருந்தாது என்பதை அதுவே சொல்ல வேண்டும். மரை ஒவ்வாத திருகு உள்ளே ஏறாது. நிரலில் அந்த மரையின் வேலையைச் செய்வது ‘டைப்’ எனப்படும் வகை.

1995ஆம் ஆண்டு இவ்வகையில் விசித்திரமானது. போர்லாண்ட் நிறுவனத்தின் டெல்ஃபி அவ்வாண்டுதான் வெளிவந்தது. பொத்தான், பட்டியல், உரைப்பெட்டி யாவும் அதில் ஆயத்தக் கூறுகள். பொத்தானின் அகலத்துக்கு எண்ணுக்குப் பதில் சொல்லைக் கொடுத்தால் தொகுப்பியே மறுத்துவிடும். அதன் தலைமைச் சிற்பி டென்மார்க்கைச் சேர்ந்த ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க். அதே ஆண்டு மே மாதம் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் பத்தே நாட்களில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை எழுதினார். வகை குறித்து அது கடுமை காட்டவில்லை. கூடையில் உள்ள ‘5’ எழுத்தாக வந்திருந்து அதனுடன் 1ஐக் கூட்டினால், விடை 6 அல்ல, 51. பிழைச் செய்தியும் இல்லை. மேசைக்கணினி பெற்றிருந்ததை வலை பெறாமலே வளர்ந்தது. வேகத்துக்கு நாம் கொடுத்த விலை அது. அன்று எவரும் அதை விலையாகக் கருதியதாகத் தோன்றவில்லை.

இழந்தது இரு வழிகளில் திரும்பி வந்தது. ஹெய்ல்ஸ்பெர்க் 1996இல் மைக்ரோசாஃப்டுக்குப் போய், சி-ஷார்ப்பை வடிவமைத்தபின், 2012 அக்டோபரில் வெளியான டைப்ஸ்கிரிப்டை முன்னின்று உருவாக்கினார். இன்னொரு வழி ஃபேஸ்புக்கின் ஜோர்டன் வாக்குடையது. 2013இல் பொதுவுக்கு வந்த அவருடைய ரியாக்ட், திரையின் ஒவ்வொரு பகுதியையும் உள்ளீடு பெற்று உருவம் தரும் ஒரு சார்பாகக் கண்டது. நிரலுக்குள்ளேயே எச்டிஎம்எல் போன்ற குறிகளை எழுதும் அதன் ஜேஎஸ்எக்ஸ் வழக்கம் முதலில் ஏளனத்துக்கே ஆளானது. அதன் முதல் மாதிரியை ஸ்டாண்டர்ட் எம்எல் மொழியில் எழுதியதாக வாக் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆனால் கையில் கிடைத்த ரியாக்டில் வகைகள் இல்லை. நிரல் ஓடும்போது எச்சரிக்கும் ப்ராப்டைப்ஸ் மட்டுமே இருந்தது. (2024 டிசம்பரில் வந்த ரியாக்ட் 19 அதையும் கைவிட்டது.) 2015இல் டைப்ஸ்கிரிப்ட் 1.6 ஜேஎஸ்எக்ஸை ஏற்றுக்கொண்டபோது இரு வம்சங்களும் ஒரே கோப்பில் கூடின.

கடினமான முடிச்சு ஒன்று எஞ்சியிருந்தது. பலருக்கும் பயன்படும் பட்டியல் கூறு எதையும் ஏற்க வேண்டும். பாதுகாப்பான கூறோ எதையும் ஏற்கக் கூடாது. இதை அவிழ்க்கும் வழியை எடின்பரோவில் ராபின் மில்னர் 1978லேயே எழுதிவிட்டார். வகையின் இடத்தில் ஒரு மாறியை வைப்பதுதான் அது. எந்த வகையாயினும் ஆகட்டும். பட்டியலுக்குள் புத்தகங்கள் சென்றால், சொடுக்கும்போது கைக்கு வருவதும் புத்தகமாகவே இருக்க வேண்டும். இன்று ‘ஜெனரிக்ஸ்’ என்ற பெயரில் ஒவ்வொரு இடைமுக நூலகத்திலும் இருப்பது இந்த எண்ணமே.

வந்து சேர்ந்தது முழுமையாக வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டைப்ஸ்கிரிப்டின் வகைகள் தொகுப்பின்போதே அழிக்கப்படுகின்றன. ஐயமற்ற நிறுவலைத் தன் இலக்கல்ல என்று அம்மொழியே அறிவித்திருக்கிறது. சேவையகத்திலிருந்து வரும் தரவை ‘இது புத்தகம்’ என்று ஒருவர் எழுதிவிட்டால் தொகுப்பி நம்பிவிடும். மில்னரும் தோழர்களும் எம்எல்லை உண்டாக்கியது தேற்றங்களை நிறுவும் ஓர் இயந்திரத்துக்காக. அங்கே தேற்றம் என்ற வகையில் ஒரு மதிப்பு பிறக்க வேண்டுமானால், அது அனுமான விதிகளின் வழியாக மட்டுமே பிறக்க முடியும். ‘இதைத் தேற்றமாகக் கொள்’ என்று எழுத எவருக்கும் அங்கே இடமில்லை.