நேயர்களின் காது

1922 நவம்பர் 14-ந் தேதி மாலை, லண்டனில் 2எல்ஓ நிலையத்திலிருந்து ஆர்தர் பர்ரோஸ் பி.பி.ஸி.யின் முதல் செய்தியறிக்கையை வாசித்தார். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை: ஒன்று வேகமாக, மற்றது நிதானமாக. எது தங்களுக்கு ஏற்றதாக இருக்கிறதென்று நேயர்கள் எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஒலிபரப்பு பிறந்த அன்றே குரல் தன்னைக் காதின் தீர்ப்புக்கு ஒப்புக்கொடுத்துவிட்டது. அதற்குப் பிறகு தீர்ப்புகள் கேட்காமலேயே வந்துகொண்டிருந்தன.

அச்சில் ஒருவன் எந்தத் தெருவில் வளர்ந்தவன் என்பதை மறைத்துவிடலாம். குரலில் முடியாது. இங்கிலாந்து போன்ற ஒரு சமூகத்தில், வாயைத் திறந்த மாத்திரத்தில் தகப்பன் தொழிலும் படித்த பள்ளியும் தெரிந்துவிடும். இந்நிலையில் தேசத்துக்கெல்லாம் சேர்த்து ஒரே குரல் பேசவேண்டி வந்தால் அது யாருடைய குரல்? பி.பி.ஸி.யை ஆரம்ப காலத்தில் நிர்வகித்த ஜான் ரீத் கண்ட விடை எளிமையானது. யாருடைய குரலும் அல்ல. 1924-லிருந்து அறிவிப்பாளர்கள் பெயர் சொல்லிக்கொள்ளக் கூடாது. யாரும் பார்க்காவிட்டாலும் மாலை நேரங்களில் டின்னர் ஜாக்கெட் அணிந்துதான் மைக் முன்னால் உட்கார வேண்டும். ஆனால் பெயரில்லாத அந்தக் குரலுக்கு ஊர் இருந்தது, வர்க்கம் இருந்தது. தென் இங்கிலாந்தின் தனியார் பள்ளிகளிலும் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜிலும் உருவான குரல் அது. ரீத் ஸ்காட்லாந்துக்காரர் என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளலாம்.

உச்சரிப்பு பற்றிய சச்சரவுகளைத் தீர்க்க 1926-ல் ஒரு ஆலோசனைக் குழு அமைக்கப்பட்டது. தலைவர் அரசவைக் கவிஞர் ராபர்ட் பிரிட்ஜஸ். ஹாப்கின்ஸின் கவிதைகளை 1918-ல் பதிப்பித்து வெளியிட்டவர் என்பதால் நமக்கு அவரிடம் ஒரு கடன் உண்டு. அதே மனிதர் மொழித்தூய்மைக்கென்று ஒரு சங்கமும் நடத்திக்கொண்டிருந்தார். குழுவில் பெர்னார்ட் ஷா, ஒலியியல் பேராசிரியர் டேனியல் ஜோன்ஸ், நடிகர் ஃபோர்ப்ஸ் ராபர்ட்ஸன், லோகன் பியர்ஸல் ஸ்மித். காரியதரிசி ஆர்தர் லாயிட் ஜேம்ஸ். சரியான ஆங்கிலம் எது என்று தீர்மானிக்கக் கூடியவர்களில் ஷா ஐரிஷ்காரர், லாயிட் ஜேம்ஸ் வேல்ஸ்காரர், பியர்ஸல் ஸ்மித் அமெரிக்காவில் பிறந்தவர். இதை யாரும் ஹாஸ்யமாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை, ஷாவைத் தவிர. பிரிட்ஜஸ் 1930-ல் காலமானதும் ஷாவே தலைவரானார். பூக்காரியின் உச்சரிப்பைத் திருத்தினால் அவளைச் சீமாட்டியாக்கிவிடலாம் என்று ‘பிக்மேலியன்’ எழுதிக் கேலி செய்தவர், தேசத்தின் உச்சரிப்பைத் திருத்தும் நாற்காலியில் உட்கார்ந்தார். 1934 ஜனவரியில் ‘டைம்ஸ்’ பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் உண்மையை உடைத்தும்விட்டார். குழுவில் இருப்பவர்கள் எல்லாரும் நன்றாகப் பேசுபவர்கள்தான். ஆனால் எந்தச் சொல்லையும் எந்த இருவரும் ஒரே மாதிரி உச்சரிப்பதில்லை என்பது அதன் சாரம்.

பின்னாளில் குழுவில் சேர்ந்த அலிஸ்டேர் குக் ஒரு கதை சொல்வார். ‘கேனைன்’ என்ற சொல்லின் முதல் அசை நெடிலா குறிலா என்று விவாதம். அன்றாடம் அந்தச் சொல்லைப் புழங்குகிறவர்களைப் பின்பற்றுவதே நல்லது, என் பல் வைத்தியர் ‘கேனைன்’ என்றுதான் சொல்கிறார் என்றாராம் ஷா. அப்படியானால் உங்கள் வைத்தியர் அமெரிக்கராக இருக்க வேண்டும் என்றார் ஒருவர். பின்னே, இந்த வயதில் எனக்குப் பல்லெல்லாம் எப்படி இருக்கிறது என்று நினைக்கிறீர்கள் என்றாராம் ஷா. 1939-ல் யுத்தம் வந்து குழுவை நிறுத்திவைத்தது.

இதற்கிடையில், 1933-ல் ஷீலா பாரெட் என்ற பெண்மணி அறிவிப்பாளரானார். ஆயிரக்கணக்கில் எதிர்ப்புக் கடிதங்கள் வந்ததாகவும், அவற்றில் பெரும்பாலானவை பெண்களே எழுதியவை என்றும் சொல்லப்படுகிறது. சம்பாதிக்கக் கணவன் இருக்கும்போது இவருக்கு எதற்கு வேலை என்பதும் ஒரு ஆட்சேபம். சில மாதங்களில் அவர் நீக்கப்பட்டார். ரேடியோ 4-ல் ஒரு பெண் செய்தி வாசிக்க 1974 ஆயிற்று.

யுத்தம் ரீத்தின் ஏற்பாட்டைத் தலைகீழாக்கியது. ஜெர்மானியர்கள் படையெடுத்து வந்து ஒலிபரப்பைக் கைப்பற்றினால் மக்களுக்கு எப்படித் தெரியும்? ஆகவே 1940-ல் வாசிப்பவர் தம் பெயரைச் சொல்லத் தொடங்கினார். ‘செய்திகள் வாசிப்பது இன்னார்’ என்ற வாசகம் நம் காதில் வெறும் சடங்காக விழுகிறது. அங்கே அது பயத்தில் பிறந்தது. அதே வருஷம் அக்டோபர் 15-ந் தேதி புரூஸ் பெல்ஃப்ரேஜ் இரவு ஒன்பது மணிச் செய்தி வாசித்துக்கொண்டிருக்கையில் கட்டடத்துக்குள் விழுந்திருந்த குண்டு வெடித்தது. ஏழு பேர் இறந்தார்கள். ஒரு கணம் நிறுத்தி, அவர் தொடர்ந்து வாசித்தார். அவர் உச்சரிப்பைப் பற்றி அன்று யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள்.

1941-ல் ஹாலிஃபாக்ஸில் பிறந்த வில்ஃப்ரட் பிக்கிள்ஸ் தேசியச் செய்தி வாசிக்க லண்டனுக்கு அழைக்கப்பட்டார். எதிரி எளிதில் போலி செய்ய முடியாத குரலாக இருக்கட்டும் என்பது அரசின் யோசனை என்பார்கள். அவர் யார்க்‌ஷயர்க் குறில்களோடு வாசித்தார். வடக்கத்தியர்களுக்கென்று தனியாக ‘குட் நீட்’ சொல்லி முடித்தார். புகார்கள் குவிந்தன. அந்தக் குரலில் வரும் செய்தியை நம்ப முடியவில்லை என்று சிலர் எழுதினார்களாம். இந்த ஒரு வாக்கியத்தில் விஷயம் முழுதும் வெளிச்சமாகிவிடுகிறது. செய்தி அதே, வாக்கியங்கள் அதே, ஆனால் உண்மைக்கு ஒரு உச்சரிப்பு உண்டென்று அவர்கள் காதுக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. கற்பித்தது பி.பி.ஸி.யேதான். இன்னொரு பக்கம், பெர்லினிலிருந்து பொய் பேசிக்கொண்டிருந்தவனுக்கு ‘லார்டு ஹா-ஹா’ என்று பெயர் வைத்து நாடே சிரித்தது, அந்தக் குரலின் மேட்டுக்குடி மிடுக்குக்காக. மேலிருந்து வந்தால் கேலி, கீழிருந்து வந்தால் அவநம்பிக்கை. பிக்கிள்ஸ் சில மாதங்களில் வடக்கே திரும்பினார். யுத்தம் முடிந்ததும் 1946-ல் அதே குரலில் ‘ஹாவ் எ கோ’ நடத்தி, கோடிக்கணக்கானவர்களை இருபது வருஷத்துக்கு மேல் கட்டிப்போட்டார். வேடிக்கைக்கு ஏற்ற குரல், செய்திக்கு ஆகாது.

நமக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லாமல் இல்லை. 1935-ல் இந்திய ஒலிபரப்பின் பொறுப்பேற்ற லயனல் ஃபீல்டன் பி.பி.ஸி.யிலிருந்து வந்தவர், 1938-ல் சென்னை நிலையம் தொடங்கியது அவர் காலத்தில்தான். ழகரத்தைப் புரட்டும் அறிவிப்பாளரைக் கேட்டு ரேடியோவை அணைத்தவன்தான் நானும். மொழியின் மீதுள்ள அக்கறை என்று அப்போது நினைத்துக்கொண்டேன். தென்மாவட்டங்களில் ழகரம் ளகரமாகவும், சென்னையில் யகரமாகவும் தலைமுறைகளாகப் புழங்குகிறது. ‘வாளைப்பளம்’ என்று கேட்டு மீன் வாங்கிக்கொண்டு போனவன் யாருமில்லை. அந்தக் குரலில் எனக்கு உறுத்தியது எழுத்தா, ஊரா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. எல்லாக் குறையும் வர்க்கத் திமிர்தான் என்று தள்ளிவிடவும் மனம் ஒப்பவில்லை. படிப்பதைப் புரிந்துகொள்ளாமல், வாக்கியத்தைத் தவறான இடத்தில் முறிக்கிறவனை எந்த வட்டார நியாயமும் காப்பாற்றாது.

இந்த வேறுபாட்டைப் பார்க்க முயன்றவர் ஆக்ஸ்போர்டு அகராதிக்காரர் ராபர்ட் பர்ச்ஃபீல்டு. நேயர்களின் ஓயாத முறையீட்டின் பின்னணியில் பி.பி.ஸி.க்காக அவர் 1981-ல் ஒரு கையேடு வெளியிட்டார். ‘லா அண்ட் ஆர்டர்’ என்பதில் இல்லாத ரகரத்தை நுழைத்து ‘லாரா நார்டர்’ என்பது, ‘கான்ட்ரவர்ஸி’யில் அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்பது போன்ற, நேயர்கள் பல்லைக் கடிக்கும் இடங்களெல்லாம் அதில் பேசப்படுகின்றன. எரிச்சல் குறையவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் ஸூஸன் ரே என்ற ஸ்காட்லாந்துப் பெண்மணி ரேடியோ 4-ல் அறிவிப்பாளராக வந்தபோது, அவர் உச்சரிப்புக்காக வசைக் கடிதங்கள் வந்தன. அவர் விலகிப் போனார். பல வருஷம் கழித்துத் திரும்பி வந்து, அதே நிலையத்தில், அதே உச்சரிப்பில் செய்தி வாசித்தார்.