முதுகுத்தண்டு அறுவைக்குப் பின் எம்ஆர்ஐ: கருநிழல் எல்லாம் நோயன்று

முதுகுத்தண்டில் பொருத்தப்படும் உலோகத் திருகுகளும் தண்டுகளும் எம்ஆர்ஐ கருவியின் காந்தப்புலத்தைத் தம்மைச் சுற்றிச் சிதைக்கின்றன. இதனால் படத்தில் கருநிழலும் அதன் விளிம்பில் வெண்ணிற ஒளிர்வும் தோன்றுகின்றன. துருப்பிடிக்காத எஃகைவிட டைட்டானியத்தில் இச்சிதைவு குறைவு.

உலோகம் ஏதும் பொருத்தப்படாதவர்களுக்கும் இது நேரலாம் என்பதே கவனிக்கத்தக்கது. எலும்பைக் குடையும் கருவியிலிருந்து உதிர்ந்த, எக்ஸ்ரேயில்கூடப் புலப்படாத நுண்துகள்களே அதற்குப் போதும். கிரேடியன்ட் எக்கோ வகைப் படங்களில் அந்நிழல் மேலும் விரிந்து, தண்டுவடக் கால்வாய் குறுகிவிட்டதுபோல் காட்டும். மறு அறுவை வரை பேச்சு செல்லக்கூடும்.

3 டெஸ்லா கருவிக்குப் பதிலாக 1.5 டெஸ்லா கருவியையும், கொழுப்பின் ஒளிர்வை அடக்க ஸ்டிர் முறையையும் பயன்படுத்தினால் படம் தெளிவுறும். ஐயம் நீடித்தால் சிடி மைலோகிராம் எடுப்பதுண்டு. முந்தைய அறுவையின் விவரம் ஸ்கேன் மையத்துக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான் இம்மாற்றங்களைச் செய்ய இயலும்.