எதிர்ப்பொருளின் திசைமாற்றம்: வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் சிறுநீரகச் சவ்வு நோயும்

நோய்க்கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள் உடலின் சொந்தத் திசுவையே தாக்கக்கூடும் என்பதைத் தமிழகம் முதலில் கண்டது சிறுநீரகத்தில் அன்று, நரம்பில்தான். 1911இல் கசௌலியில் டேவிட் செம்பிள் வகுத்த முறைப்படி, ஆட்டு மூளையில் பெருக்கிய வெறிநோய் வைரசைக் கார்பாலிக் அமிலத்தால் செயலிழக்கச் செய்து பெற்ற தடுப்பூசி, 1907இல் தொடங்கப்பட்ட குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் பல்லாண்டுகள் தயாரிக்கப்பட்டது. 'தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி' என்று பொருநை எனும் தாமிரபரணியின் கரை ஊர்களின் முதியோரும் நினைவுகூர்வது இவ்வகை ஊசியைத்தான். எண்ணற்ற உயிர்களைக் காத்த இம்மருந்து சிலருக்குக் கைகால் செயலிழப்பையும் தந்தது. ஊசியோடு உட்சென்ற ஆட்டு மூளையின் நரம்புறைப் புரதம் மனிதனுடையதை ஒத்திருந்ததால், அதற்கு எதிராகக் கிளம்பிய தற்காப்பு நோயாளியின் நரம்புறையையும் அழித்தது. 2004இன் இறுதியில் இந்தியா இதன் உற்பத்தியைக் கைவிட்டது.

தடுப்பூசியில் விபத்தாக நேர்ந்த இதையே சிறுநீரக ஆய்வாளர்கள் திட்டமிட்டுச் செய்தனர். 1959இல் அமெரிக்காவில் வால்டர் ஹைமன், எலியின் சிறுநீரகத் திசுவை, தடுப்பாற்றலைத் தூண்டிவிடும் துணைப்பொருளோடு கலந்து வேறு எலிகளுக்குச் செலுத்தியபோது, அவற்றின் சிறுநீரில் புரதம் பெருமளவில் வெளியேறியது. குளோமெருலஸ் எனப்படும் நுண்வடிகட்டியின் சவ்வில் எதிர்ப்பொருள் படிந்து அதைத் தடிக்கச் செய்யும் மனித நோயான சவ்வு நெஃப்ரோபதிக்கு இது மாதிரியாயிற்று. எலியில் குறிவைக்கப்பட்ட மெகாலின் என்னும் புரதம் 1982இல் பிடிபட்டாலும், மனித வடிகட்டியில் அது இல்லாததால் தேடல் நீண்டது. 2009இல் பாஸ்டனில் பெக், சாலன்ட் குழுவினர் பாஸ்போலிபேஸ் ஏ2 ஏற்பியை அடையாளம் கண்டனர். வேறு காரணம் புலப்படாத நோயாளிகளில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினரிடம் இதற்கெதிரான எதிர்ப்பொருள் இருந்தது. திசுவை ஊசியால் எடுத்துப் பார்த்தே அறிந்த நோயை இரத்தப் பரிசோதனையாலும் அறிய முடிந்ததே இதன் பெரும்பயன். சிகிச்சையிலும், பி அணுக்களை ஒடுக்கும் ரிடுக்சிமாப் என்ற எதிர்ப்பொருளே மருந்தாகியது. எதிர்ப்பொருளை எதிர்ப்பொருளாலேயே அடக்குகிறது மருத்துவம்.

எஞ்சிய நோயாளிகளில் சிலரிடம் நெல்-1 என்னும் புரதம் இலக்காயிருப்பதை மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் பின்னர் கண்டனர். மேலைநாடுகளில் இது புற்றுநோயோடு தொடர்புறுத்தப்பட்டது. ஆனால் சென்னை ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வு, இந்நோயாளிகளில் கணிசமானோர் பாதரசம் கலந்த பாரம்பரிய மருந்துகளை உட்கொண்டிருந்ததையும், அவற்றை நிறுத்தியபின் பலர் தேறியதையும் காட்டியது. பாதரசம் அடங்கிய சிவப்பழகுக் களிம்புகளைப் பூசியவர்களிடமும் இந்நோய் கேரளத்தில் பதிவாகியுள்ளது.

திருநெல்வேலிக்கு இச்செய்தி அயலானதன்று. பாதரசத் தாதுவான இலிங்கத்தையும், இரசம் எனப்படும் பாதரசத்தையும் சுத்தி செய்து செந்தூரமாக்கும் மரபு இங்கே வேரூன்றியது; பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964இலும், திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி அடுத்த ஆண்டிலும் தோன்றின. மேற்கண்ட ஆய்வைக் கொண்டு சித்த மருத்துவம் முழுவதையும் குற்றம்சாட்டுவது பிழை. முறையாகச் சுத்தி செய்த மருந்துக்கும், உள்ளடக்கம் தெரியாமல் விற்கப்படும் பொட்டலத்துக்கும் உள்ள வேறுபாட்டை அவ்வாய்வு தீர்த்துவைக்கவில்லை. அவ்வேறுபாட்டை அளந்து காட்டும் ஆய்வு, செந்தூரம் முடிக்கத் தெரிந்தவர்களும் சிறுநீரகத் திசுவைப் படிக்கத் தெரிந்தவர்களும் ஒரே ஊரில் பணியாற்றும் பாளையங்கோட்டையிலிருந்து வருவதே முறை.