ஏழு வாக்குகளில் நின்ற எல்லை

சுவிட்சர்லாந்தின் பெர்ன் மாநிலம் பெரும்பாலும் ஜெர்மன் மொழி பேசும் மாநிலம். அதன் வடமேற்கு மூலையில், ஜூரா மலைத்தொடரின் மடிப்புகளுக்குள், பிரெஞ்சு பேசும் நிர்வாக மாவட்டம் ஒன்று உண்டு. பெர்னிய ஜூரா என்பது அதன் பெயர். கூர்த்லாரி, மூத்தியே, லா நவ்வில் என்னும் மூன்று பழைய மாவட்டங்களை ஒன்றாக்கி 2010 ஜனவரி 1 அன்று அது உருவாக்கப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 540 சதுர கிலோமீட்டர். சில ஆண்டுகளுக்கு முன்புவரை மக்கள்தொகை 53,000 அளவில் இருந்தது. பத்து லட்சத்தைத் தாண்டிய பெர்ன் மாநில மக்களில் இது ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. தொடக்கத்தில் அம்மாவட்டத்தில் 49 உள்ளாட்சிகள் இருந்தன. 2014, 2015 ஆண்டுகளில் சிற்றூர்கள் பல ஒன்றிணைந்ததால் அவை 40 ஆயின. இன்று 39. கடைசியாகக் குறைந்த அந்த ஒன்று எந்த ஊரோடும் இணையவில்லை. அண்டை மாநிலத்துக்குச் சென்றுவிட்டது. அது மூத்தியே நகரம்.

ஓர் உள்ளாட்சி மாநிலம் மாறுவது இந்திய வாசகருக்கு வியப்பாக இருக்கலாம். இங்கே எல்லைகளை வரைவது நாடாளுமன்றம். அங்கே அடிப்படை அலகு 'கொம்யூன்' எனப்படும் உள்ளாட்சி. நாற்பது பேர் வாழும் மலையூரும் ஏழாயிரம் பேர் வாழும் நகரமும் சட்டத்தின் முன் ஒரே பெயர் கொண்டவை. சுவிஸ் கடவுச்சீட்டில் பிறந்த ஊர் குறிக்கப்படுவதில்லை. குடும்பம் எந்த உள்ளாட்சியின் குடியுரிமை உடையதோ அந்த ஊரின் பெயரே இடம்பெறுகிறது. ஒருவர் முதலில் ஓர் ஊரின் குடிமகன், அதன் வழியாக மாநிலத்தின் குடிமகன், அதன் வழியாகவே நாட்டின் குடிமகன்.

இந்தப் பிரெஞ்சு நிலம் பெர்னிடம் வந்த கதை பழையது. 999ஆம் ஆண்டு பர்கண்டி அரசன் மூன்றாம் ருடோல்ஃப் மூத்தியே-கிராங்வால் மடத்தைப் பாசல் ஆயருக்குக் கொடையாக அளித்தான். அதன்பின் ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் ஜூரா ஆயர்களின் ஆட்சியில் இருந்தது. நெப்போலியப் போர்களுக்குப் பின் கூடிய வியன்னா மாநாடு, வோ, ஆர்காவ் ஆகிய நிலங்களை இழந்திருந்த பெர்னுக்கு ஈடாக 1815இல் ஜூராவை ஒப்படைத்தது. அங்கிருந்தவர்களை யாரும் கேட்கவில்லை.

மொழி ஒன்றாக இருந்தாலும் அந்த மக்கள் ஏற்கெனவே இரண்டாகப் பிரிந்திருந்தனர். 16ஆம் நூற்றாண்டிலேயே தென்பகுதி ஊர்கள் பெர்ன், பீல் நகரங்களின் செல்வாக்கால் சீர்திருத்தக் கிறித்தவத்தைத் தழுவின. வடபகுதி கத்தோலிக்கத்தில் நின்றது. மூத்தியே பகுதியில் இந்தப் பிரிவுக்கு ஒரு நிலக்குறியும் இருந்தது. நகருக்கு வடக்கே ஆறு குடைந்து செல்லும் பாறை இடுக்கு அது. 'பாறைகளுக்கு மேல்' இருந்தோர் சீர்திருத்த மதத்தினர், 'பாறைகளுக்குக் கீழ்' இருந்தோர் கத்தோலிக்கர்.

மொழியியல் நோக்கில் இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. மாவட்டத்தில் இன்று பேசப்படுவது பள்ளிக்கூடப் பிரெஞ்சு. அதற்கு முன் வழங்கிய நாட்டுமொழிகள் இருவகை. வடக்கே பிராங்க்-கோம்தோவா, தெற்கே சாந்த்-இமியே பள்ளத்தாக்கிலும் லா நவ்வில் பக்கத்திலும் பிராங்கோ-புரொவென்சால். அந்தப் பேச்சு எல்லை மத எல்லையோடும் பொருந்தவில்லை, பின்னால் வந்த மாநில எல்லையோடும் பொருந்தவில்லை. மாவட்டத்தின் கிழக்கு மலைகளில் ஷெல்டன், ஸேஹோஃப் என இரண்டு சிற்றூர்கள் உள்ளன. அவற்றின் மொழி ஜெர்மன். ஆகவே 'பிரெஞ்சு மாவட்டம்' என்பதே சற்றுத் தளர்வான சொல்.

நவீன ஜூரா சிக்கல் 1947இல் வெடித்தது. மாநில அமைச்சரான ஜார்ஜ் மொக்லி பிரெஞ்சு பேசுபவர் என்பதால் அவருக்குப் பொதுப்பணித் துறையை அளிக்கப் பெர்ன் சட்டமன்றம் மறுத்தது. மொழியால் ஒருவருக்குத் துறை மறுக்கப்பட்ட அந்த ஒற்றை நிகழ்வு, தனி மாநிலம் கோரும் இயக்கத்துக்கு உயிர் கொடுத்தது. இயக்கத்தின் முன்னணித் தலைவரான ரோலான் பெகெலன் தெற்கிலுள்ள திராம்லான் ஊரில் பிறந்தவர், சீர்திருத்த மதத்தவர். மதமே எல்லாவற்றையும் தீர்மானித்தது என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது என்பதற்கு அவரே சான்று.

1970இல் பெர்ன் தன் அரசமைப்பில் ஒரு வாக்கெடுப்பு முறையைச் சேர்த்தது. அது மூன்று படிகள் கொண்டது. முதலில் ஜூரா முழுவதும் வாக்களிக்கும். தனி மாநிலத்துக்கு ஆதரவு கிடைத்தால், மாற்றுக் கருத்துள்ள மாவட்டங்கள் தங்கள் விருப்பத்தைத் தனியே தெரிவிக்கலாம். அதன்பின் புதிய எல்லையோரத்து உள்ளாட்சிகள் ஒவ்வொன்றும் தன் பக்கத்தைத் தேர்ந்துகொள்ளலாம். நேர்த்தியான முறைதான். ஆனால் ஒவ்வொரு படியிலும் கேள்வி கேட்கப்படும் அலகு சிறிதாகிக்கொண்டே போகிறது. அலகு மாறும்போது விடையும் மாறுகிறது. 1974 ஜூன் 23 அன்று ஜூரா முழுவதும் வாக்களித்தபோது தனி மாநிலத்துக்கு ஆதரவாக 36,802 வாக்குகள், எதிராக 34,057. ஏழு மாவட்டங்களில் மூன்று மட்டுமே ஆதரித்திருந்தன. 1975 மார்ச்சில் தென் மாவட்டங்கள் மூன்றும் பெர்னையே தேர்ந்தன. செப்டம்பரில் எல்லையோர ஊர்கள் சில வடக்குக்குச் சென்றன. மூத்தியே பெர்னில் தங்கியது. 1978இல் நாடு தழுவிய வாக்கெடுப்பு ஒப்புதல் அளிக்க, 1979 ஜனவரி 1 அன்று ஜூரா மாநிலம் பிறந்தது. மொழியின் பெயரால் தொடங்கிய இயக்கம், பிரெஞ்சு பேசுவோரில் பெரும் பகுதியினரை வெளியே விட்ட ஒரு மாநிலத்தைப் பெற்றது.

வாக்களித்துக் களைத்துப்போன ஊர்களுக்கு அதன் பின்னரும் ஓய்வில்லை. சில பத்துப் பேரே வாழ்ந்த வெல்லரா என்ற சிற்றூர் பெர்னில் விடப்பட்டதை ஏற்காமல், 1982இல் தன்னைச் சுதந்திர உள்ளாட்சி என அறிவித்துக்கொண்டது. நாடு முழுவதும் வாக்களித்து ஒப்பிய பிறகு 1996 ஜூலை 1 அன்று ஜூராவில் சேர்ந்தது. எதிர்ப்பக்கத்தில் ஏடர்ஸ்வீலர் என்ற ஊர் இருக்கிறது. ஜூரா மாநிலத்தின் ஒரே ஜெர்மன் மொழி உள்ளாட்சி அது. வெளியேற விரும்பியும் முடியாமல் இன்றுவரை அங்கேயே உள்ளது. ஜெர்மன் பேசும் லௌஃபன் பகுதி 1983இல் பெர்னில் நீடிக்க வாக்களித்தது. பெர்ன் ஆதரவாளர்களுக்கு மாநில நிதி மறைவாகச் சென்றது பிறகு அம்பலமாகவே, நீதிமன்ற ஆணைப்படி வாக்கெடுப்பு மீண்டும் நடந்தது. 1994இல் அப்பகுதி பாசல்-லான்ட்ஷாஃப்ட் மாநிலத்துக்குச் சென்றது.

மூத்தியே மட்டும் ஊசலாடிக்கொண்டே இருந்தது. கடைசல் இயந்திரங்கள் செய்யும் தொழில் நகரம் அது. ஆலை வேலைக்காக வடக்கிலிருந்து கத்தோலிக்கக் குடும்பங்கள் குடியேறக் குடியேற, நகரின் மத விகிதமும் அரசியல் சாய்வும் மாறின. 1982 முதல் நகராட்சியில் ஜூரா ஆதரவாளரே பெரும்பான்மை. 1998இல் நடந்த கருத்தறியும் வாக்கெடுப்பில் 41 வாக்கு வேறுபாட்டில் பெர்ன் வென்றது. 2013இல் புதிய பொது மாநிலம் பற்றிய கேள்வியைப் பெர்னிய ஜூரா 71.8 விழுக்காட்டு வாக்குகளால் நிராகரித்தது. மாவட்டத்தில் ஆதரித்த ஒரே ஊர் மூத்தியே. 2017 ஜூன் 18 அன்று நகரம் தனியே வாக்களித்தது: ஜூராவுக்கு 2,067, பெர்னுக்கு 1,930. தெருக்களில் கொண்டாட்டம். அடுத்த ஆண்டு அந்த முடிவு செல்லாது என அறிவிக்கப்பட்டது. நகராட்சித் தலைமை ஒருதலைப்பட்சமாகப் பரப்புரை செய்ததும், வாக்காளர் பட்டியலில் உண்மையில் அங்கு வசிக்காதோர் இடம்பெற்றதும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. 2021 மார்ச் 28 அன்று கூட்டாட்சி அரசின் கண்காணிப்பில் மறுவாக்கெடுப்பு நடந்தது: 2,114க்கு 1,740. 137 ஆக இருந்த வேறுபாடு 374 ஆயிற்று. முதல் முடிவை ரத்து செய்யக் கோரியவர்கள் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். 2024 செப்டம்பரில் இரு மாநில மக்களும் மாற்ற ஒப்பந்தத்தை ஏற்றனர். 2026 ஜனவரி 1 முதல் மூத்தியே ஜூரா மாநிலத்து நகரம்.

பெரிதும் பேசப்படாதது அதன் அண்டை ஊர்களின் கதை. 2017 செப்டம்பரில், மூத்தியேயைத் தொடர்ந்து செல்வதா என்று பெல்ப்ராஓன், சோர்விலியே என்னும் இரண்டு சிற்றூர்கள் வாக்களித்தன. சோர்விலியே தெளிவாக மறுத்தது. முந்நூறு பேர் அளவில் வாழும் பெல்ப்ராஓனில் பெர்னுக்கு 121, ஜூராவுக்கு 114. வேறுபாடு ஏழு. கிழக்குப் பள்ளத்தாக்கின் ஊர்கள் எல்லாமே தெருவழியில் மூத்தியேயைச் சார்ந்தவை. அங்கிருந்து மாவட்டத்தின் மற்ற பகுதிக்குப் போகும் முதன்மைச் சாலை அந்நகரின் வழியாகவே இறங்குகிறது. இனி அந்தச் சாலையில் செல்வோர் இடையில் ஒருமுறை வேறு மாநிலத்துக்குள் புகுந்து வெளியேற வேண்டும்.

மூத்தியே சென்றதால் மாவட்டம் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களை இழந்தது. ஏழில் ஒரு பங்குக்கு நெருக்கமான இழப்பு. மிகப்பெரிய ஊர் என்ற இடம் ஐயாயிரம் பேர் அளவிலான, கடிகாரத் தொழிலுக்குப் பெயர்பெற்ற சாந்த்-இமியேக்கு வந்திருக்கிறது. 160 உறுப்பினர் கொண்ட பெர்ன் சட்டமன்றத்தில் பெர்னிய ஜூராவுக்கு 12 இடங்களை அரசமைப்பு உறுதி செய்திருந்தது. அது 53,000 பேரைக் கணக்கில் கொண்ட காலத்து ஏற்பாடு. பெர்னில் தங்கத் தீர்மானித்த பிரெஞ்சு மொழியினர், மூத்தியே இல்லாத கணக்கோடு அந்தச் சட்டமன்றத்தில் இனி வாதிட வேண்டியிருக்கிறது.