பர்ஃபெக்ட் யுனானிமிட்டி லாட்ஜ், சென்னை

சென்னை மெரினாவில் இராணி மேரி கல்லூரிக்கு அருகே வெள்ளையாக நிற்கும் தமிழ்நாடு காவல்துறைத் தலைமையகம் முதலில் காவல்துறைக்கென்று எழுந்ததல்ல. பிரீமேசன் என்ற சகோதரத்துவச் சங்கத்துக்குத் தென்னிந்தியாவில் உள்ள மிகப் பழைய கிளைகளில் ஒன்றான பர்ஃபெக்ட் யுனானிமிட்டி லாட்ஜ் 1839இல் தன் கூட்டங்களுக்காகக் கட்டிய மண்டபம் அது. மெரினா உலாவுசாலையே அப்போது இல்லை. எதிரே வெறும் மணலும் கடலும்தான்.

1717இல் இலண்டன் மதுக்கடையொன்றில் நான்கு லாட்ஜ்கள் கூடி அமைத்த பேரவையே பிரீமேசன் இயக்கத்துக்கு இன்றைய வடிவைத் தந்தது. கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல்களோடு அது 1730இல் கல்கத்தாவுக்கும் 1752இல் சென்னைக்கும் வந்தது. ஒல்லாந்தரும் பின்தங்கவில்லை. அவர்கள் ஆட்சியில் கொழும்பிலும் காலியிலும் 1770களிலேயே லாட்ஜ்கள் இயங்கின.

இலண்டன் பிரீமேசன்கள் இரு கட்சிகளாகப் பிரிந்து சண்டையிட்டபோது அந்தப் பகையும் சென்னைக்குக் கப்பலேறியது. ஆனால் இங்கே அது சீக்கிரம் தீர்ந்தது. 1786இல் சென்னையின் இரு தரப்பும் கைகோத்தன. அந்த இணக்கத்தில் பிறந்தது இந்த லாட்ஜ். இலண்டனில் அதே சமரசம் ஏற்பட 1813 வரை ஆயிற்று.

சகோதரத்துவம் பேசிய இச்சங்கத்தின் கதவு எல்லோருக்கும் ஒரே மாதிரித் திறக்கவில்லை. ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலியின் மகன் உம்தத்-உல்-உமாரா 1770களிலேயே திருச்சிராப்பள்ளியில் உறுப்பினரானார். பிரீமேசனான முதல் இந்தியர் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர் இவரே. மகிழ்ந்துபோன இலண்டன் பேரவை அலங்கரித்த ஏப்ரனும் சட்டநூலும் அனுப்பிவைத்தது; அவர் பாரசீக மொழியில் நன்றி எழுதினார். அந்தச் சகோதர அன்பு அரசியலில் பெரிதாக உதவவில்லை. பின்னர் நவாபான அவர் 1801இல் இறந்ததும், அவரது ஆட்சிப் பகுதியான கர்நாடகத்தைக் கம்பனி தன் ஆட்சிக்குள் கொண்டுவந்தது. நவாபின் மகனுக்கு எளிதாய்க் கிடைத்த இடத்துக்குச் சாதாரண இந்துக்கள் நெடுங்காலம் காத்திருந்தார்கள். ஒரே கடவுளை நம்புவோருக்குத்தான் இடமென்ற விதி இந்துக்களுக்குப் பொருந்துமா என்று வாதாடி, கல்கத்தாவின் பிரசன்னகுமார் தத் 1872இல்தான் உள்ளே நுழைந்தார். சென்னையில் இந்தியரைச் சேர்ப்பதற்கென்றே 1883இல் கர்நாடிக் லாட்ஜ் தொடங்கப்பட்டது.

கடற்கரை மண்டபம் அதற்குமுன்பே கைமாறிவிட்டது. 1865இல் மாத வாடகை 90 ரூபாய்க்குக் குடிவந்த காவல்துறை, 1874இல் அதை 20,000 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது. இன்று கேட்டால் நம்ப முடியாத விலை! 1990களில் அதை இடித்துப் புதிதாகக் கட்ட அரசு முனைந்தபோது, பழங்கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு நீதிமன்றம் சென்றது. மண்டபம் பிழைத்தது. சங்கத்தின் இரகசியச் சடங்குகளைவிட இந்த வழக்கே சென்னைவாசிகளிடையே அதிகம் பேசப்பட்டது என்றால் மிகையில்லை.

பிரீமேசன்களுக்கென்று கொழும்பில் 1901இல் விக்டோரியா மேசானிக் டெம்பிள் எழுந்தது. சென்னை லாட்ஜ்களுக்கு எழும்பூரில், இன்றைய எத்திராஜ் சாலையில், 1925இல் புதிய மண்டபம் திறக்கப்பட்டது. 1961இல் இந்தியாவுக்கெனத் தனிப் பேரவை உருவானபோது பல கிளைகள் அதில் சேர்ந்தன. பர்ஃபெக்ட் யுனானிமிட்டி சேரவில்லை. இலண்டன் பேரவையின் பட்டியலில் 150ஆம் எண்ணோடு அது தொடர்ந்தது.