கிராசிங் கணக்கு

ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில், இரண்டு மாறிகள் உள்ள ஒருங்கமை சமன்பாடுகளைத் தீர்க்க நான்கு வழிகள் சொல்லியிருக்கும்: வரைபட முறை, பிரதியிடல் முறை, நீக்கல் முறை, குறுக்குப் பெருக்கல் முறை. இவற்றில் பிள்ளைகளுக்குப் பிடிக்காதது முதலாவதுதான். நீக்கல் முறையில் நாலு வரியில் விடை வந்துவிடும். வரைபடத்துக்கு கிராஃப் தாள் வேண்டும், ஸ்கேல் வேண்டும், பென்சில் கூராக இருக்க வேண்டும். இவ்வளவு பாடுபட்டாலும் விடை கண் மதிப்புக்குத்தான் வரும். “இது எதுக்கு சார்?” என்று நான் வேலை பார்த்த காலம் முழுக்கக் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

அதற்கான பதில் நம் நாசரேத் வழியாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. திருநெல்வேலி – திருச்செந்தூர் ரயில் பாதையைத்தான் சொல்கிறேன்.

சமன்பாட்டைக் கோடாக வரையலாம் என்ற எண்ணம் பழையது. பிரான்சில் டெகார்ட் 1637-ல் தன் வடிவியல் நூலை வெளியிட்டார். அதே காலத்தில் ஃபெர்மாவும் தனியாக அதே வழியில் சிந்தித்திருந்தார். ஆனால் அதற்குப் பின் சுமார் இருநூறு வருடம் இது பெரும்பாலும் கணித அறிஞர்களின் கையில்தான் இருந்தது. அன்றாட வேலைக்கு அதை இழுத்து வந்ததில் ரயிலுக்குப் பெரிய பங்கு உண்டு.

தண்டவாளம் ஒன்றுதான் என்றால் எதிரும் புதிருமாக வரும் இரண்டு வண்டிகள் நடுவழியில் ஒன்றையொன்று தாண்ட முடியாது. இரண்டாவது தடம் உள்ள ஒரு நிலையத்தில் ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டும். இதைத்தான் நாம் ‘கிராசிங்’ என்கிறோம். எந்த வண்டி, எந்த நிலையத்தில், எத்தனை மணிக்கு ஒதுங்க வேண்டும்? இரண்டு வண்டிகள் என்றால் மனக்கணக்காகவே போட்டுவிடலாம். பத்து வண்டிகள் ஓடினால் எண்களை வைத்துக்கொண்டு தலை சுற்றிவிடும்.

1840-களில் இப்ரி என்ற பிரெஞ்சுப் பொறியாளர் இதற்கு ஒரு படம் வரைந்தார். கிடைமட்டமாக மணி, செங்குத்தாக நிலையங்கள். நிலையங்களுக்கு நடுவே உண்மையான தூரத்துக்கு ஏற்ற இடைவெளி. ஒவ்வொரு வண்டியும் ஒரு சாய்கோடு. வேகம் கூடினால் கோடு செங்குத்தாக நிமிரும். வண்டி நிலையத்தில் நின்றால் கோடு படுத்துவிடும். இரண்டு கோடுகள் வெட்டும் இடத்தில் இரண்டு வண்டிகள் சந்திக்கின்றன. பின்னாளில் மாரே என்ற விஞ்ஞானி பாரிஸ் – லியோன் பாதைக்கான இப்படிப்பட்ட படத்தைத் தன் நூலில் வெளியிட்டு உலகறியச் செய்தார்.

பள்ளிக்கூடத்துக்கு கிராஃப் தாள் வந்தது இதற்கு வெகுகாலம் பின்னர். இங்கிலாந்தில் ஜான் பெர்ரி என்ற பொறியியல் பேராசிரியர், பிள்ளைகளுக்குக் கட்டம் போட்ட தாளில் கணிதம் சொல்லிக்கொடுங்கள் என்று வாதாடிவந்தார். 1901-ல் கிளாஸ்கோவில் அவர் ஆற்றிய உரைக்குப் பிறகுதான் அந்தக் கோரிக்கை சூடுபிடித்தது. ஆக, வகுப்பறையில் நாம் ‘வரைபட முறை’ என்று சொல்லிக்கொடுப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே ரயில்காரர்கள் அதைச் செய்துகொண்டிருந்தார்கள்.

நம் பக்கம் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது 1876-ல். நாசரேத் வழியாகத் திருச்செந்தூர் பாதை 1923-ல் மீட்டர் கேஜாகத் திறக்கப்பட்டது. 2008-ல் அது அகலப் பாதை ஆனது. நீளம் சுமார் 61 கிலோமீட்டர். இன்றும் ஒற்றைத் தடம்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சுலபமாக இருக்கட்டும் என்று தூரத்தை 60 கிலோமீட்டர் என்று எடுத்துக்கொள்கிறேன். காலை 6 மணிக்குத் திருநெல்வேலியிலிருந்து ஒரு வண்டி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. அதே 6 மணிக்குத் திருச்செந்தூரிலிருந்து ஒரு சரக்கு வண்டி 20 கிலோமீட்டர் வேகத்தில் எதிரே வருகிறது. திருநெல்வேலியிலிருந்து உள்ள தூரத்தை ‘தூ’ என்றும், கடந்த மணிநேரத்தை ‘ம’ என்றும் வைத்தால்:

தூ = 40ம
தூ = 60 – 20ம

தீர்த்தால் ம = 1, தூ = 40. அதாவது 7 மணிக்கு 40-வது கிலோமீட்டரில் சந்திப்பு. பரீட்சையில் இதற்கு முழு மதிப்பெண். ஆனால் 40-வது கிலோமீட்டரில் வயல்தான் இருக்கிறது, நிலையம் 36-ல்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் சரியான இந்த விடை ஒரு விபத்தின் முகவரி.

படத்தில் இதை உடனே சரிசெய்யலாம். சரக்கு வண்டியின் கோட்டைச் சாய்வு மாறாமல் இடப்பக்கம் நகர்த்துங்கள். வெட்டுப்புள்ளி 36-க்கு வரும்போது சரக்கு வண்டி கிளம்பும் நேரம் 5.42 ஆகிவிடும், சந்திப்பு 6.54-க்கு. இல்லையென்றால், 6.54-க்கு வரும் பயணி வண்டியை அந்த நிலையத்திலேயே 7.12 வரை, 18 நிமிடம் நிறுத்த வேண்டும். படத்தில் அது ஒரு சிறிய படுகோடு. காரணம் தெரியாமல் நாம் பெட்டிக்குள் உட்கார்ந்து அலுத்துக்கொள்ளும் நேரம் அதுதான்.

பாடத்தில் வரும் மற்றவையும் இதே படத்தில் உண்டு. ஒரே வேகத்தில் முன்னும் பின்னும் போகும் இரண்டு வண்டிகள் இணைகோடுகள்: சந்திப்பே இல்லை, அதாவது தீர்வு இல்லை. ஒன்றன்மேல் ஒன்று விழும் கோடுகளுக்கு எண்ணற்ற தீர்வுகள் என்போம். ரயிலில் அது நடக்கவே கூடாது.

ஒரு வண்டி தாமதமானால் அதன் கோடு வலப்பக்கம் நகரும். வெட்டுப்புள்ளியும் இடம் மாறும். 1874 செப்டம்பர் 10 இரவு, இங்கிலாந்தில் நார்விச் அருகே தோர்ப் என்ற இடத்தில் இதுதான் நடந்தது. லண்டனிலிருந்து வர வேண்டிய விரைவு வண்டி தாமதம். அதற்காகக் காத்திருந்த எதிர் மெயில் வண்டியை வரச்சொல்லலாமா என்பதில், நிலைய ஊழியர்களுக்குள் தந்தி பற்றிய குழப்பம். கடைசியில் இரண்டு வண்டிகளும் ஒரே தடத்தில் நேருக்கு நேர் மோதின. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அதன் பிறகு, 1878-ல் எட்வர்ட் டயர் மின்சார வில்லைக் கருவியை உருவாக்கினார். இரு நிலையங்களுக்கு இடையே ஒரு நேரத்தில் ஒரு வில்லைதான் வெளியே எடுக்க முடியும். அது கையில் இல்லாமல் ஓட்டுநர் வண்டியை எடுக்கக் கூடாது. நம் ஊர்ப்பக்கப் பெரியவர்கள் பார்த்திருக்கும் டோக்கன் வளையம் இந்த வழியில் வந்ததுதான். எங்கே சந்திக்க வேண்டும் என்று கோடு சொல்லும். வேறெங்கும் சந்திக்காமல் டோக்கன் பார்த்துக்கொள்ளும்.

திருச்செந்தூர் பாதை மதுரைக் கோட்டத்தைச் சேர்ந்தது. கோட்டத்தின் கட்டுப்பாட்டு அறைகளில் ஒரு காலத்தில் செக்‌ஷன் கன்ட்ரோலர் பென்சிலும் ஸ்கேலுமாக உட்கார்ந்து, நிலையங்களிலிருந்து போனில் வரும் நேரங்களை வைத்து வண்டிகளின் கோடுகளை இழுத்துக்கொண்டே இருப்பார். இப்போது கணினி வரைகிறது. கோடுகள் அதே கோடுகள்தான்.

கணக்கு ஆசிரியர்களாக இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு யோசனை. அடுத்த முறை இந்தப் பாடம் வரும்போது, x, y-க்குப் பதில் திருச்செந்தூர் பாதையின் கால அட்டவணையைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். இரண்டு வண்டிகளை வரையச் சொல்லுங்கள். பிறகு ஒரு வண்டி இருபது நிமிடம் தாமதம் என்று சொல்லி, கிராசிங்கை எந்த நிலையத்துக்கு மாற்றுவது என்று கேளுங்கள். அதற்குப் பிறகு “எதுக்கு சார்?” என்று யார் கேட்கிறார்கள், பார்ப்போம்.