ஏரி நிரம்பினால் மகிழ்ந்த ஊர்

தொண்டைமண்டலத்தில் வற்றாத நதி என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. பாலாறும் கொசஸ்தலையாறும் கூவமும் ஆண்டில் சில வாரங்கள் வெள்ளம் காட்டிவிட்டு, மற்றக் காலமெல்லாம் மணலாய்க் கிடப்பவை. ஆதலால், ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்று கொண்டுவந்து கொட்டும் மழையைக் கரைகட்டித் தேக்கி, அதைக்கொண்டே எஞ்சிய மாதங்களைக் கழிக்கப் பழகிய இந்நாட்டு ஜனங்களுக்கு, தாம் குடியிருப்பது நல்ல ஊர்தானா என்பதைத் தீர்மானித்துக் கொடுத்தது ஏரியே.

திருநின்றவூரும் ஏரியை அண்டி வாழ்ந்த ஊர். பக்தவத்சலப் பெருமாளும் என்னைப்பெற்ற தாயாரும் எழுந்தருளியிருக்கும் திவ்வியதேசம். மனத்துக்குள்ளேயே சிவபெருமானுக்கு ஆலயம் எழுப்பிய பூசலார் நாயனாரின் ஸ்தலம். ஆயினும் என் கருத்தைக் கவர்வது இங்குள்ள ஏரிகாத்த ராமர் கோயில்தான். இதே பெயரால் பிரசித்தி பெற்ற மதுராந்தகத்து ராமர், 1790களில் செங்கற்பட்டு ஜாகீரின் கலெக்டராக இருந்த பிளேஸ் துரைக்கு, உடையவிருந்த கரையின்மீது வில்லேந்திக் காட்சியளித்தார் என்பது ஐதீகம். கதையின் மெய்ம்மை குறித்து வழக்காட நான் வரவில்லை. தெய்வத்தையே கரைக்குக் காவல் வைக்கும் அளவுக்கு ஏரி அரிய சொத்தாக இருந்தது என்பதே எனக்குப் போதும்.

தெய்வத்தை நம்பி மனிதர் சும்மா இருந்துவிடவுமில்லை. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில், 919, 921 ஆகிய ஆண்டுகளிலேயே, ஏரி வாரியம் என்றொரு சபை பேசப்படுகிறது. கோடையில் வரத்துக்கால்களைச் செப்பனிட்டுத் தூர் வாரி, அந்த மண்ணையே கரைமேல் கொட்டுவதும், மதகைத் திறந்து நீர்க்கட்டி என்னும் ஊழியன் வயலுக்கு வயல் முறைவைத்து நீர் பாய்ச்சுவதும், மிஞ்சிய நீர் கலங்கலின் கற்களைத் தாண்டி வழிந்து அடுத்த ஊர் ஏரிக்கு ஓடுவதும் ஒரே ஏற்பாட்டின் அங்கங்கள். கலங்கல் வழிகிறது என்ற செய்தி, அவ்வாண்டு ஊரில் சோற்றுக்குக் குறைவில்லை என்ற செய்தியாகும். ஊரார் தாமே கூடி ஏரியைப் பேணிய அந்தக் குடிமராமத்து பிற்காலத்தில் எவ்வளவு தளர்ந்துவிட்டது என்பதற்கு, கரை காக்க ஆள் திரட்டுவதற்கே 1858இல் சர்க்கார் சட்டம் போட நேர்ந்ததைவிட வேறு சான்று வேண்டாம்.

இதற்கிடையே, 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ரயில் புறப்பட்டது. அப்பாதை இவ்வூர் வழியே செல்வது. 1960களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தபின், மாதச் சம்பளக்காரர் ரயிலடிக்கு அருகே மனை தேடலாயினர், வயல்கள் நகர்களாயின. மழையை எதிர்நோக்கி மகிழ்ந்த ஊரில், மழையைக் கண்டு அஞ்சும் ஒரு புதிய குடித்தனம் குடியேறிற்று. 2015இலும் 2021இலும் ஏரியையொட்டிய நகர்களில் நீர் புகுந்து தேங்கியபோது, தம்மை நனைத்தது ஏரி என்று அங்குள்ளோர் நொந்தனர். ஏரி தன் பழைய இடத்துக்கே வந்தது என்பதே என் அபிப்பிராயம். சீதோஷ்ணம் மாறிவிட்டது என்று இப்போது சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் கார்த்திகை மழை அன்றும் பெய்ததே. அன்று அது பயிருக்கு ஆயிற்று, இன்று படுக்கையறைக்குள் வருகிறது.

ஆகையால் இவ்வூரில் மனை வாங்க எண்ணுவோர், தரகர் அழைக்கிறாரென்று பங்குனி வெயிலில் வந்து காய்ந்த தரையைப் பார்த்துத் திருப்தியடைந்து முன்பணம் கொடுத்துவிடாமல், கார்த்திகையில் மூன்று நாள் அடைமழை பெய்தபின் ஒருமுறை வந்து, கலங்கல் நீர் எவ்வழியே போகிறது என்று பார்த்துவிட்டுப் பத்திரம் எழுதுவது நலம்.